வெள்ளைச் சீலைக்குச் சொல்லாத வார்த்தை

— "கட்டிக்கப் போற பொண்ணு என்னா நெறம்மா?"ன்னு கேட்ட நீ. "அறுத்து வச்ச சோளக் கருது நெறம்"னு நான் சொன்னேன். அதுக்கு நீ என்னா கேட்ட? "பச்சக் கருதா, காஞ்ச கருதா?"ன்ன.

— அதுக்கு நீங்க, "எம்மவ காயல, நீதான் காஞ்சு போயி நிக்கிற, மொதல்ல போயி சோறு தின்னுட்டு வா"ன்னீங்க. கடையே சிரிச்சுதுங்கம்மா. நான் வேலைக்குச் சேந்த வாரம் அது.

— மூத்தவ ரோசம்மா கல்யாணத்துக்குச் சீலை எடுத்தோம். அறுபத்திரண்டாம் வருசம். அந்த அரக்குச் சீலைய நீ உம்மேலயே போட்டுக் காட்டின. முந்தானைய தோள்ல போட்டு, கொசுவத்தக் கையில புடிச்சிக்கிட்டு, அந்தத் தூண் வரைக்கும் நடந்து போயி திரும்பி வந்த. எங்க வூட்டுக்காரரு என்னா சொன்னாரு தெரியுமா? "பொண்ணவிட இந்தப் பையனுக்கு எடுப்பா இருக்குதே"ன்னாரு.

— எனக்குக் காது வரைக்கும் செவந்து போச்சுங்க. பெரிய முதலாளிதான் சொன்னாரு, "வெக்கப்படாத அல்போன்சு, சீலை விக்கறவன் பாதிப் பொம்பளையா இருந்தாத்தான் பொம்பளைங்க மனசு தெரியும்"னு.

— மகராசன். அவரு இருந்தா இப்பிடி என்னைய நிக்க வச்சிருப்பாரா? கால் வலிக்குது கண்ணு. எங்க அந்த மெத்தை? வெள்ள விரிப்பு விரிச்சு, சாஞ்சுக்க திண்டு போட்டிருப்பீங்களே?

— எடுத்தாச்சுங்க. சின்ன முதலாளி வந்ததும் இந்தக் கவுண்டர் போட்டாரு. வாங்கறவங்க அந்தப் பக்கம் நிக்கணும், விக்கறவங்க இந்தப் பக்கம் நிக்கணும். உக்கார வச்சா நேரம் ஆவுதாம்.

— ஆவட்டுமே. கல்யாணச் சீலை எடுக்க வந்தவங்களுக்கு அன்னிக்கு வேற என்னா வேல? முன்னெல்லாம் செருப்ப உட்டுட்டு உள்ள வந்தா, கலர் சோடா வரும். கொழந்தைங்களுக்குப் பெப்பர்மெண்டு வரும். மழை எப்பிடி, கடலக்கா எப்பிடின்னு ஊர்க் கதை பேசித்தான் மொதப் பொட்டலத்தப் பிரிப்பீங்க. இப்ப வாசல்லயே ஒருத்தன் கையில தகரத்தக் குடுக்கறான்.

— டோக்கனுங்க அது. அந்த நம்பரக் கூப்பிட்டா நீங்க வரணும்.

— எம்பேரு இன்னாசியம்மா. ஞானஸ்நானத் தொட்டியில சாமியாரு வச்ச பேரு. அத உட்டுட்டு நம்பரக் கூப்புட்டா ஜெயிலுக்கு வந்த மாதிரி இருக்குது. நான் நம்பரும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. உன்னப் பாத்தேன், நேரா வந்துட்டேன்.

— நல்லதாப் போச்சுங்க. கூட்டம் இல்லாததால யாரும் கண்டுக்கல. கவுண்டர் மேல கைய ஊனிக்கங்க, கால் கொஞ்சம் ஆறும். என்ன வேணும்னு சொல்லுங்கம்மா.

— ஒரு துண்டு வாங்கினேன், அந்தப் பக்கம். ஒரு துண்டு கண்ணு. ஒருத்தரு எடுத்துக் காட்டினாரு, இன்னொருத்தரு சீட்டு எழுதினாரு, மூலையில ஒருத்தரு காசு வாங்கினாரு, வாசல்கிட்ட ஒருத்தரு பையில போட்டுக் குடுத்தாரு. நாலு ஆம்பளைங்க சேந்து ஒரு துண்ட வித்தாங்க. ஒருத்தரும் எம்மொகத்தப் பாக்கல.

— தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்க புதுசு. ஜனங்க பெருகிப் போச்சு, வேகமாப் பண்ணணும்னு சொல்லிக் குடுத்திருக்கு.

— இதென்னா கண்ணு, கம்பத்துல கட்டின மாதிரி ஒரு பொம்பள நிக்கிறா? உள்ள வந்ததும் வணக்கம் சொல்லிட்டேன் நான்.

— பொம்மைங்க அது. பெங்களூர்ல இருந்து வந்துது. இனிமே நாங்க மேல போட்டுக் காட்டக் கூடாது. அதுதான் காட்டும்.

— அது நடந்து காட்டுமா?

— நடக்காதுங்க.

— அப்பிடின்னா அதுக்கு எதுக்குச் சீலை? சரி உடு. நீயும் பெங்களூர் போறியாமே? திங்கக்கெழம வண்டி ஏறுறன்னு மார்க்கெட்ல வெங்காயக்காரி பெரியம்மா சொன்னா. வெங்காயம் நிறுத்துக்கிட்டே சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

— ஆமாங்க. அங்க ஒரு கடை தொறக்கறாங்க. பழைய ஆளு ஒருத்தன் வேணும்னு என்னைய அனுப்பறாங்க. இங்க என்னைய வச்சுக்கிட்டா எடைஞ்சல்னு நெனக்கிறாங்களோ என்னமோ.

— அங்க கன்னடமில்ல பேசணும்?

— கொஞ்சம் கத்துக்கிட்டேங்க. வாசல்ல வர்றவங்கள "வாங்க, வாங்க"ங்கறதுக்கு "பன்னி, பன்னி"ன்னு கூப்புடணும்.

— கூப்புட்டு அடி வாங்காத. இங்க இருக்கறப்பவே உனக்குன்னு யாரும் இல்ல, அங்க போயி என்னா பண்ணுவ? சோத்துக்கு?

— மெஸ் இருக்குதுங்க. இங்க மட்டும் என்னாங்க, மடத்துப் பள்ளிக்கூடத்துல வளந்தவன். எங்க போனாலும் மணி அடிச்சா சோறு. பழகிப் போச்சு.

— ஒரு பட்டுச் சீலை காட்டு.

— காட்டறேங்க. என்ன ரேட்டுல பாக்கலாம்?

— அய்ய, இதென்னா கேள்வி? நீ எப்பவும் அப்பிடியா கேப்ப? யாருக்குன்னு கேளு.

— அது வந்துங்க...

— கேளு கண்ணு. எங்க வூட்ல ஒரு கல்யாணம் பாக்கி நிக்குது. நாளைக்கு ஓசூர்ல இருந்து பொண்ணு கேட்டு வர்றாங்க. அதுக்காகத்தான் இன்னிக்கு இத்தன தூரம் பஸ் ஏறி வந்திருக்கேன். "யாருக்கும்மா?"ன்னு நீ கேக்கணும், நான் சொல்லணும். அதான் மொற.

— இப்ப அப்பிடிக் கேக்கக் கூடாதுங்கம்மா. யாருக்கு, எந்த ஊரு, கல்யாணமா காதுகுத்தான்னு ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு. ரேட்டு மட்டும் கேட்டு, அந்த ரேட்டுக்குள்ள எடுத்துப் போடணும்.

— எவன் போட்ட உத்தரவு?

— அல்போன்ஸ் அண்ணே... மிஸ்டர் அல்போன்ஸ், என்ன இங்க? இந்தக் கஸ்டமரோட டோக்கன் எங்க?

— வா குப்புராஜு. உன்னத்தான் பேசிக்கிட்டிருந்தோம். உங்க அப்பாவோட மெத்தையில ஒண்ணுக்கு அடிச்ச பையன்தான நீ? இப்ப நீயே முதலாளி ஆயிட்ட. பேண்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது.

— அம்மா, வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப எல்லாத்துக்கும் ஒரு முறை வச்சிருக்கோம். ஒரே வெலை, பேரம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே மரியாதை. பணக்காரர் வந்தா சோடா, ஏழை வந்தா பச்சத்தண்ணின்னு கிடையாது.

— எனக்கு உங்கப்பா சோடாதான் குடுத்தாரு. நான் என்னா பணக்காரியா?

— உங்களுக்குக் குடுத்தாரும்மா. எல்லாருக்கும் குடுத்தாரா? செருப்புத் தைக்கிறவரு வந்தா வாசல்லயே நிக்க வச்சுத்தான் துணி குடுத்தோம். நான் சின்னப் பையனா இருந்து பாத்திருக்கேன். இப்ப அவரும் டோக்கன் வாங்கி இதே கவுண்டர்ல நிக்கலாம்.

— அது நல்ல காரியம். அத நான் கொறை சொல்லல. அதுக்காக, எல்லாரையும் உக்கார வைக்காம, எல்லாரையும் நிக்க வச்சுட்டியே ராசா.

— ரெண்டு ஸ்டூல் போடச் சொல்றேன். அல்போன்ஸ் அண்ணே, பேச்சக் கொறச்சு வேலையப் பாருங்க. கணக்குல உக்காந்திருக்கேன், எதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க.

— போயிட்டான். நல்ல பையன்தான். அப்பா கொணம் கொஞ்சம் இருக்குது, படிப்பு கொஞ்சம் கூடிப் போச்சு.

— நெசந்தாங்க. அவரு சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்குச் சரின்னு படல.

— எது?

— இப்ப உங்க கையில இருக்குதே, அந்தப் பை.

— பையா? பச்சக் கலர்ல எழுதியிருக்குது. என்னா எழுதியிருக்குது, எனக்குக் கண்ணாடி இல்ல.

— "நன்றி, மீண்டும் வருக"ன்னு போட்டிருக்குதுங்க. யாரு எது வாங்கினாலும் இந்தப் பைதான். போன வாரம் மாதம்மாள்னு ஒருத்தங்க வந்தாங்க. கண்ணு வீங்கிக் கெடந்துது. கூட வந்த பெரியவரு, "வெள்ளத்துணி குடுங்க"ன்னாரு. அவங்க வூட்டுக்காரரு காலையிலதான் போயிருக்காரு. எடுத்துக் குடுத்தேன். வாசல்கிட்ட டெலிவரி குடுக்கற பையன் இந்தப் பையில போட்டு, கையக் கூப்பி, "மீண்டும் வாங்க"ன்னுட்டான். அவனுக்குச் சொல்லிக் குடுத்தது அது. அந்தம்மா பைய வாங்காம அப்பிடியே நின்னாங்க.

— அய்யய்யோ.

— நான் ஓடிப் போயி பைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, துணிய வச்சுக் குடுத்தேன். கவுண்டர உட்டு வெளிய வந்ததுக்கு அன்னிக்கு எனக்குத் திட்டு. அப்பத்தான் பெங்களூர்ப் பேச்சே வந்துது.

— நீ பண்ணினது சரிதான். எழவு வூட்டுக்காரங்ககிட்ட மறுபடி வான்னு எவனாச்சும் சொல்லுவானா?

— பெரிய முதலாளி எனக்கு மொத மொத சொல்லிக் குடுத்த பாடங்க அது. கலர்த்துணி எடுக்கறவங்ககிட்ட எல்லாத்தையும் கேளு, யாருக்கு, எப்ப, மாப்பிள்ள எந்த ஊருன்னு வாய் ஓயாம கேளு. வெள்ளத்துணி எடுக்கறவங்ககிட்ட ஒண்ணும் கேக்காத. யாருக்குன்னு கேக்காத. சிரிக்காத. மொகத்தப் பாத்துக்கிட்டே நிக்காத. தாம்பாளத்துல வச்சுக் குடு. அவங்க கெளம்பறப்ப "போயிட்டு வாங்க"ன்னு மட்டும் சொல்லிடாத. இன்னொரு வாட்டி அவங்க வூட்ல அப்பிடி ஒண்ணு நடக்கணும்னு சொன்ன மாதிரி ஆயிடும். இன்னிக்கு வரைக்கும் நான் தவறினதில்லீங்க.

— வெள்ள எடுக்கறவங்க எல்லாருக்குமா?

— எல்லாருக்குந்தாங்க. எது சாவுக்கு, எது சாமிக்குன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? வெள்ளன்னா வாயக் கட்டிக்க வேண்டியதுதான்.

— அல்போன்சு.

— சொல்லுங்கம்மா.

— எம்மவ ஒருத்தி வருசா வருசம் இங்க வந்து வெள்ளச் சீலை எடுத்துக்கிட்டுப் போவா. தெரியுமா உனக்கு?

— தெரியுங்க.

— என்னா தெரியும்?

— பாக்கியமேரி. ரோசம்மாவுக்குச் சீலை எடுக்க வந்தப்ப பாவாடை தாவணில வந்தாங்க. அந்த அரக்குச் சீலை வேண்டாம், மயில் கழுத்துக் கலர்தான் வேணும்னு சண்ட போட்டாங்க. அப்பறம் ரெண்டு வருசம் கண்ணுல படல. அப்பறம் ஒரு நாள் தனியா வந்தாங்க. கட்டியிருந்ததும் வெள்ள, கேட்டதும் வெள்ள. கரை இல்லாத வெள்ள.

— நீ என்னா நெனச்ச?

— அம்மா, உடுங்க.

— சொல்லு. என்னா நெனச்ச?

— எங்கியோ கட்டிக் குடுத்து... அவரு... சின்ன வயசுலயே போயிட்டாருன்னு.

— மாதாவே.

— அதுக்கப்பறம் நீங்க கடைசிப் பொண்ணு சகாயமேரி கல்யாணத்துக்கு எடுக்க வந்தீங்க. அவங்க வரல. நீங்களும் அவங்க பேச்சையே எடுக்கல. உங்க வூட்டுக்காரரு ஒரு வாட்டி, "நடுவுல ஒருத்தி இருக்கறா, அவ நெனப்பு வந்தா சோறு எறங்கல"ன்னு சொன்னாரு. நான் முடிவே பண்ணிட்டேங்க.

— ஏண்டா, எம்மவளத் தாலி அறுத்தவன்னா நெனச்சுக்கிட்டிருந்த இத்தன காலம்?

— மெதுவாங்கம்மா. அங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். அவ நர்சுடா. அரூர்ல மிஷன் ஆஸ்பத்திரில நர்சு. ரெண்டு வருசம் படிக்கப் போனா, அதான் உங்கண்ணுல படல. ராத்திரி டூட்டி முடிஞ்சா, கட்டின வெள்ளச் சீலையோட அப்பிடியே பஸ் ஏறி இங்க வந்துடுவா. நாங்க ஏன் வாயத் தொறக்கலன்னா, அக்காக்காரி இவ வூட்ல இருக்கறப்ப சின்னவளுக்குச் சீலை எடுக்க வந்தோம். ஊர்ல சிரிச்சாங்க. இங்கயும் வந்து அத எடுத்துச் சொல்லணுமா?

— நர்சா.

— நர்சுதான். ஊசி போடறவ. கல்யாணம் ஆவாதவ. வர்றவன எல்லாம் வேணாம் வேணாம்னு சொல்லி எங்க ரெண்டு பேரு தலையையும் நரைக்க வச்சவ.

— அம்மா, நர்சுங்களுக்கு ஆஸ்பத்திரிலயே துணி குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

— குடுக்கறாங்க. வருசத்துக்கு வேணுங்கறது குடுக்கறாங்க.

— அப்பறம் எதுக்கு இங்க வந்து...

— இப்பத்தான் நீ கேக்க வேண்டியதக் கேட்டிருக்க. போன மாசம் அவ டிரங்குப் பெட்டியத் தொறந்தேன், அந்துப் பூச்சி வந்துடுச்சோன்னு. அடி வரைக்கும் வெள்ளச் சீலை. உங்க கடைக் காகிதத்தோட, மடிப்புக் கலையாம. ஒண்ணுகூடக் கட்டல. "ஏண்டி, அரூர்ல துணிக்கடையே இல்லியா, கட்டாத சீலைய எடுக்க தர்மபுரி வரைக்கும் எதுக்குப் போற?"ன்னு கேட்டேன். ஒக்காந்து அழுவுறா.

— அழுதாங்களா?

— அழுதுக்கிட்டே என்னா சொன்னா தெரியுமா? "அந்த ஆளு எல்லாருக்கும் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்றாரும்மா. எனக்கு மட்டும் ஒரு வாட்டிகூடச் சொன்னதில்ல. மொகத்தக்கூடப் பாக்கறதில்ல. தாம்பாளத்துல வச்சுத் தள்ளி உடறாரு. நான் வர்றது அவருக்குப் புடிக்கலபோல. இருந்தாலும் போறேன்"னா.

— அவங்க வந்துட்டுப் போற அன்னிக்கு, ரவிக்கைத்துணி ஒரு சாண் கூடத்தான் கிழிப்பேங்க. பெரிய முதலாளி அதப் பாத்துட்டுத்தான் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டாரு. சொல்லிட்டேன்.

— என்னான்னு சொன்ன?

— "அவங்க புருசன் போனவங்களா இருந்தா என்ன, எனக்குச் சம்மதம். கேக்கலாங்களா?"ன்னேன். அவரு சொன்னாரு, "கடைக்கு வந்த பொண்ணு. அதுவும் வெள்ள எடுக்க வந்த பொண்ணு. மெத்தையில வச்சு அந்தப் பேச்ச எடுக்கறது துணிக்கடைக்காரனுக்கு அழகில்ல. துக்கத்தோட வர்றவங்க நம்ம நம்பித்தான் வர்றாங்க. நீ பேசாம இரு. நானே அவங்க ஊருக்குப் போயி, அப்பனப் பாத்துக் கேக்கறேன்"னாரு. அந்த ஐப்பசியிலயே அவரு படுத்துட்டாரு. அப்பறம் எழுந்திருக்கவே இல்ல.

— அப்ப விதவைன்னு நெனச்சும் கட்டிக்கறேன்னு சொன்னியா நீ?

— அவங்க வேற எப்பிடி இருந்தாலும் சொல்லியிருப்பேங்க.

— இந்த வார்த்தைய அவ கேக்கணும்.

— எங்க இருக்காங்க? அரூர்லயா?

— அரூரா? அதோ, புதுசாக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கானே குப்புராஜு, அது வழியாப் பாரு. எதுத்தாப்புல சைக்கிள் கடை நெழல்ல நிக்கிறா. உள்ள வா உள்ள வான்னு எவ்வளவோ கூப்புட்டேன். வரமாட்டேன்னுட்டா. "பெங்களூர் போறவருக்கு நான் என்னா, துணி வாங்க வர்ற ஒரு கிராக்கி. நீ துண்டு வாங்கிக்கிட்டு வா"ன்னுட்டா.

— எதும்மா, நீலச் சீலையா?

— நீலந்தான்.

— கலர் கட்டியிருக்காங்க.

— டூட்டி இல்லாத நாள்ல கலர்தான் கட்டுவா. ஏன், அழகா இல்லியா?

— கலர்ல பாத்தது அன்னிக்குத் தாவணிலதான். அதுக்கப்பறம் இன்னிக்குத்தாங்க.

— சரி, கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்காத, இந்தப் பக்கம் திரும்பு.

— அம்மா, நாளைக்கு ஓசூர்ல இருந்து வர்றாங்கன்னு சொன்னீங்களே, அது...

— அவளுக்குத்தான். வேற யாரு இருக்கறா? பொண்டாட்டி செத்துப் போன ஆளு. ரெண்டு புள்ளைங்க. நெலம் இருக்குது. எங்க வூட்டுக்காரரு, "இதுக்கு மேல யாரு வருவாங்க, குடுத்துடலாம்"ங்கறாரு. அவளும் இந்த வாட்டி வேணாம்னு சொல்லல. நீ பெங்களூர் போறன்னு கேள்விப்பட்டதுல இருந்து எதையுமே வேணாம்னு சொல்ல மாட்டேங்கறா. அதப் பாத்துத்தான் இன்னிக்கு உன்னத் தேடி வந்தேன்.

— நீங்க அப்பவே, எங்கிட்ட ஒரு வார்த்த...

— நான் எப்பிடிடா சொல்லுவேன்? பொண்ணப் பெத்தவ, கடையில வந்து நின்னு, "எம்மவளக் கட்டிக்கறியா"ன்னு கேப்பனா? கேட்டேன்னு தெரிஞ்சா எங்க அவரு என்ன உசுரோட கொளுத்திடுவாரு. எத்தன வாட்டி வாய் வரைக்கும் வந்துது தெரியுமா? துண்டு வாங்கறேன், தலகாணி உறை வாங்கறேன்னு வந்து வந்து நின்னேன். எங்க வூட்ல துண்டா அடுக்கி வச்சிருக்குது. நீ "யாருக்கும்மா?"ன்னு ஒரு வார்த்த கேட்டா, "பாக்கியமேரிக்குக் கல்யாணச் சீலை, இன்னும் மாப்பிள்ள அமையல"ன்னு பேச்ச ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். நீ துண்டு மடிச்சுக் குடுத்துட்டு, ஒண்ணும் கேக்காம மரியாதையா அனுப்பிட்ட.

— துண்டுங்கூட வெள்ளத் துண்டாத்தானுங்க கேட்டீங்க.

— அடப்பாவி.

— அய்யாகிட்ட நான் வந்து நேரா நின்னா?

— அவரா? அவரப் பத்தி உனக்குத் தெரியாது. பொண்ணு கேட்டு வர்றதுன்னா பையனப் பெத்தவ வரணும்பாரு. இல்லன்னா ஒரு சித்தி, ஒரு அத்தை. வெத்தல பாக்குப் பழத்தட்டோட ஒரு பொம்பள படியேறணும். நாளைக்கு வர்றவங்க அப்பிடித்தான் வர்றாங்க. நீ தனியா போயி நின்னின்னா, "சொல்லி அனுப்ப ஒரு நாதி இல்லாதவனுக்கு எம்பொண்ணக் குடுக்கறதா"ன்னு வாசல்லயே திருப்பி உட்டுடுவாரு.

— நாதி இல்லாதவன்தானுங்களே. அதுக்குத்தான் பெரிய முதலாளிய நம்பிக்கிட்டிருந்தேன்.

— மடத்துல வளத்த சாமியாரு?

— ரோமாபுரிக்கே போயிட்டாருங்க. கடிதாசுல பொண்ணு கேட்டா அய்யா ஒத்துக்குவாரா?

— சிரிக்க வைக்காத, எனக்கு அழுவாச்சியா வருது.

— அல்போன்ஸ் அண்ணே, மணி ஒண்ணாவப் போவுது. அந்தம்மாவுக்கு இன்னும் சீலை அமையலியா? ஒரு சீலைகூட எடுத்துப் போடலியே நீங்க. இவ்வளவு நேரம் என்னதான் வியாபாரம் நடக்குது?

— சின்ன முதலாளி, ஒரே ஒரு நிமிசங்க. இந்த ஒரு கிராக்கிய மட்டும் என் இஷ்டத்துக்குப் பாத்துக்கறேன். அப்பறம் பெங்களூர்ல நீங்க சொல்ற மாதிரியே ரேட்டு மட்டும் கேக்கறேன்.

— சரி, சரி. சாப்பாட்டுக்குக் கதவு சாத்தறதுக்குள்ள முடிங்க.

— நான் கெளம்பறேன் கண்ணு. எங்க ஊரு பென்னாகரத்து பஸ் போயிடும். வெயில்ல நின்னுக்கிட்டு அவ பல்லக் கடிச்சுக்கிட்டிருப்பா. உன்னப் பாத்தது போதும். எங்க இருந்தாலும் நல்லா இரு. என்னா, கவுண்டர உட்டு வெளிய வர்ற? திட்டு வாங்கப் போற.

— வாங்கிக்கறேங்க. அம்மா, போவாதீங்க. ஒண்ணு கேக்கணும். பெரிய முதலாளி போன நாள்ல இருந்து மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா யாருகிட்டச் சொல்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

— சொல்லு. கையக் கூப்பாத, எனக்குப் பயமா இருக்குது. என்னான்னு சொல்லு.

— எனக்குப் பெத்தவ இல்லீங்க, சித்தி இல்ல, அத்தை இல்ல. இந்த ஊர்ல எனக்காக ஒரு வார்த்த பேசக்கூடிய பெரிய மனுசி நீங்க ஒருத்தங்கதான். தட்டு நான் வாங்கித் தர்றேன். நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள, எனக்கு அம்மாவா உங்க வூட்டுப் படியேறி, உங்க பொண்ண எனக்குக் கேட்டுத் தர்றீங்களா?